அடுப்பு வேண்டாத வேலை

டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் மஞ்சுநாத் பேக்கரியின் முன்னால் தட்டுகளோடு வரிசை நிற்கும். பிஸ்கட் வாங்க அல்ல, சுட்டுக்கொண்டு போக. வீட்டிலேயே மாவு பிசைந்து, உருட்டி, தட்டில் அடுக்கி எடுத்து வருவார்கள். மஞ்சுநாத் தன்னுடைய விறகு அடுப்பில் வைத்துச் சுட்டுத் தருவார். தட்டு மாறிப் போகாமலிருக்க ஓரத்தில் பேர் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். அப்படியும் மாறும். சண்டை நடக்கும். அதுவும் கிறிஸ்துமஸில் சேர்த்திதான்.

ஒவ்வொரு வருடமும் அந்த வரிசையில் முதலில் நிற்பவர் ஜெயசீலி ஆன்ட்டி. இந்த வருடம் அவர் வரவேயில்லை.

ஜெயசீலி ஆன்ட்டியின் அடுத்த வீடுதான் நளினியின் வீடு. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் அவை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "இன்னா, சளியா?" என்று குரல் வரும். அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் ஆன்ட்டியின் கணவர் மனோகர் அங்கிள்.

மனோகர் அங்கிள் ஜூலை மாதம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர், ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எவ்வளவு தும்மினாலும் அந்தப் பக்கத்திலிருந்து பதில் இல்லை.

அவர்களுடைய மகன் திலீப் நளினியின் வகுப்பில்தான் படித்தான். முன்பெல்லாம் அவன் வாயை மூட வைப்பதற்குள் டீச்சருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இப்போது அவனைப் பேச வைப்பதற்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

அன்று பள்ளி விட்டு இருவரும் நடந்து வந்தார்கள். வானம் காலையிலிருந்தே சாம்பல் நிறத்தில் இருந்தது. சுரங்க மண்மேட்டிலிருந்து தூசி பறந்துகொண்டிருந்தது.

"உங்க வீட்ல இன்னும் ஸ்டார் கட்டலயா?" என்று கேட்டாள் நளினி.

"இல்ல."

"பிஸ்கட்?"

"துக்க வீட்ல ஒரு வருஷத்துக்குப் பலகாரம் செய்யக் கூடாதுல்ல. தெரியாத மாதிரி கேக்கற."

கேட்டிருக்க வேண்டாம் என்று நளினிக்குத் தோன்றியது.

லைனுக்குள் திரும்பும்போது திலீப்பே பேசினான். "பிஸ்கட் போனா போவுது நளினி. எங்க வீட்ல அப்பா பேரையே யாரும் எடுக்கறதில்ல. நான் எடுத்தா அம்மா எழுந்து உள்ள போயிடுது. இப்டியே போனா எனக்கும் மறந்துடுமோன்னு பயமா இருக்கு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டான்.

ஆன்ட்டி வீட்டு பிஸ்கட்டை நினைக்கும்போதெல்லாம் நளினிக்கு அங்கிள்தான் நினைவுக்கு வருவார். சுக்கும் பட்டையும் கிராம்பும் மணக்கும் மெத்தென்ற பிஸ்கட்டை ஆன்ட்டி செய்வார். அதன் மேல் கமலா பழச் சாறும் எலுமிச்சைச் சாறும் சர்க்கரைத் தூளும் கலந்து பாகு ஊற்றுவது அங்கிளின் வேலை. அதை வேறு யாரும் தொடக்கூடாது. பிறகு லைனில் உள்ள எல்லா வீட்டுக்கும் தட்டுத் தட்டாகப் போகும். அந்த லைனில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது அந்த ஒரே வீடுதான்.

இந்த வருடம் தட்டு வராது என்று லைனில் எல்லாரும் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டதோடு சரி.

"அம்மா, நாம செஞ்சி குடுத்தா இன்னா?" என்று கேட்டாள் நளினி.

அவள் அம்மா சுமா அப்போதுதான் பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கியிருந்தார். ஓம்சக்திக்கு மாலை போட்டிருந்ததால் சிவப்புச் சேலை. "இன்னாத்த?"

"ஆன்ட்டி வீட்டு பிஸ்கட்ட."

"அது அவங்க பண்டிகைடி. அவங்க பண்டிகைக்கு அவங்களுக்கே நாம செய்யறதா? யாராவது கேட்டா சிரிப்பாங்க."

"தாத்தா செத்த வருஷம் தீபாவளிக்கு நாம பலகாரம் செய்யல. ஆன்ட்டிதான் அதிரசம் சுட்டு எடுத்துனு வந்தாங்க. அப்போ அவங்களுக்கு மட்டும் அது அவங்க பண்டிகையா?"

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாலை போட்டவங்க துக்க வீட்டுக்குப் போகக் கூடாது. வீட்டுக்குள்ள முட்டையும் வரக் கூடாது. நான் இன்னா செய்யட்டும், சொல்லு."

"மாலை போட்டது நீதானே. நான் போடலயே. முட்டைக்குப் பதிலா தயிர் போட்டுக்கறேன்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா குளிக்கப் போனார். மறுநாள் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு பார்த்தால், சமையல் மேடையில் வெண்ணெய் பாக்கெட்டும் மைதாவும் இருந்தன.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்து வந்து நளினி வேலையை ஆரம்பித்தாள். ஆன்ட்டி வீட்டில் ஒவ்வொரு வருடமும் சுக்கும் கிராம்பும் இடித்துக் கொடுப்பவள் அவள்தான். அதனால் எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். மைதா, வெல்லத்தூள், வெண்ணெய், தயிர், சோடா உப்பு, இடித்த பொடி எல்லாவற்றையும் கொட்டினாள். கை வலிக்க வலிக்கப் பிசைந்தாள். சப்பாத்திக்கு அப்படிப் பிசைந்தால்தான் அம்மா பாராட்டுவார்.

பேக்கரியில் மஞ்சுநாத் தட்டை வாங்கி அடுப்புக்குள் தள்ளினார். வெளியே எடுத்ததும் ஒரு பிஸ்கட்டை மேசையில் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று கேட்டது.

"ஏனம்மா, இது பிஸ்கட்டா? சுரங்க ஷாஃப்ட்ல இருந்து எடுத்த கல்லா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நளினியும் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் உதடு கோணிக்கொண்டது. தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, படியில் உட்கார்ந்து அழுதாள். அம்மா வாங்கி வைத்த வெண்ணெயில் பாதி போய்விட்டது. மனோகர் அங்கிள் இருந்தால் இந்தக் கல்லையும் டீயில் நனைத்துத் தின்றுவிட்டு, நன்றாயிருக்கிறது என்று பொய் சொல்லியிருப்பார். அதை நினைத்ததும் அழுகை இன்னும் கூடியது.

அழுது முடித்த பிறகு, வரிசையில் நின்றவர்களின் தட்டுகளைப் பார்த்தாள். யாருடைய மாவும் அவளுடையதுபோல வழவழவென்று இல்லை. எல்லாம் சொரசொரவென்று, உதிர்ந்துவிடும்போல இருந்தன. ஆன்ட்டி மாவை விரல் நுனியால் மட்டும் தொட்டுத் தொட்டுச் சேர்ப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தான் பிசைந்தது பிஸ்கட் மாவு, சப்பாத்தி மாவு அல்ல.

ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மீதி வெண்ணெயை வைத்து மறுபடியும் மாவு சேர்த்தாள். இந்தத் தடவை அம்மா பக்கத்திலேயே நின்றார். நளினியின் கை கொஞ்சம் அழுத்தினாலும், "மெதுவாடி, மெதுவா" என்றார்.

மஞ்சுநாத் அடுப்பைத் திறந்தபோது சுக்கு மணம் தெருவரைக்கும் வந்தது. அவர் ஒரு பிஸ்கட்டை விரலால் அழுத்தினார். மெத்தென்று அமுங்கி மேலே வந்தது. "ஹூம்" என்றார். அவர் இவ்வளவு பாராட்டுவதே பெரிய விஷயம். "ஜெயசீலி வீட்டு மணம்" என்று சொல்லி, சுட்ட கூலி வாங்காமல் அனுப்பிவிட்டார்.

"மேல பாகு நானே ஊத்தித் தரட்டுமா?" என்று கேட்டார் அம்மா.

"வேணாம்மா. அப்டியே எடுத்துனு போறேன்."

இரண்டு கமலா பழமும் எலுமிச்சைகளும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். அம்மா அடுத்த வீட்டு வாசல்வரை கூட வந்து, வெளியிலேயே நின்றுகொண்டார்.

கதவைத் திறந்த ஜெயசீலி ஆன்ட்டி தட்டைப் பார்த்தார். அவர் முகம் இருண்டுபோனது. வீட்டுக்குள் விளக்குகூடப் போடவில்லை. திலீப் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"எங்க வீட்ல இந்த வருஷம் பலகாரத்துக்கு அடுப்பு ஏத்தக் கூடாதும்மா" என்றார் ஆன்ட்டி, மெதுவாக.

"தெரியும் ஆன்ட்டி. அதான் நாங்க செஞ்சோம். அடுப்பு வேலையெல்லாம் முடிஞ்சிது. மேல ஊத்தற பாகு மட்டும் பாக்கி." நளினி பையை நீட்டினாள். "அதுக்கு அடுப்பே வேணாமே. அத உங்க வீட்லதான் செய்யணும்."

ஆன்ட்டி பையை வாங்கவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டார்.

தப்புச் செய்துவிட்டோம் என்று நளினி நினைத்தாள். திலீப் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். வாசலில் நின்ற அம்மா, போகலாம் வா என்பதுபோலக் கையை ஆட்டினார்.

அப்போது உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஆன்ட்டி ஒரு பீங்கான் கிண்ணமும் சர்க்கரைத் தூள் டப்பாவும் எடுத்துக்கொண்டு வந்தார். விளக்கைப் போட்டார். தரையில் உட்கார்ந்து கிண்ணத்தைத் திலீப் பக்கம் தள்ளினார்.

திலீப் கமலா பழத்தை இரண்டாக வெட்டிப் பிழிந்தான். சர்க்கரைத் தூளைக் கொட்டினான். கலக்கினான். பிறகு நிறுத்தினான்.

"எலுமிச்ச எவ்ளோ?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டான். "அப்பா எவ்ளோ..."

பாதியில் வாயை மூடிக்கொண்டான். ஆன்ட்டி எழுந்து போய்விடுவார் என்று எல்லாருமே எதிர்பார்த்தார்கள், ஆன்ட்டியும் சேர்த்து.

ஆனால் அவர் எழவில்லை. புடவை முனையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"உங்க அப்பாவுக்கு அளவெல்லாம் எங்க தெரியும்" என்றார் கடைசியில். "கையில இருக்கற பழத்தையெல்லாம் பிழிஞ்சிடுவாரு. போன வருஷம் சட்ட மேலயே ஊத்திக்கினு, அதே சட்டையோட கோயிலுக்கு வந்தாரு. பூசை முடியற வரைக்கும் எறும்பு கடிச்சி நெளிஞ்சினே இருந்தாரு மனுஷன்."

திலீப் தன் அம்மாவையே பார்த்தான். "அப்புறம்?"

"அப்புறம் இன்னா. ஃபாதர் கூப்ட்டு, உடம்புக்கு இன்னா மனோகர்னு கேட்டாரு." சொல்லும்போதே ஆன்ட்டி சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. திலீப் போய் அவர் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டான். கொஞ்ச நேரத்துக்கு யாரும் கிண்ணத்தைத் தொடவில்லை.

பிறகு திலீப் ஓர் எலுமிச்சையைப் பிழிந்தான். பாகை ஒரு பிஸ்கட்டின் மேல் ஊற்றிக் கடித்துப் பார்த்தான்.

"அப்பா செய்யறது இதவிடப் புளிக்கும்" என்றான்.

"ஆமா" என்றார் ஆன்ட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னொரு பழம் பிழி."

பிழிந்தான். அதுவும் போதவில்லை, இன்னொன்றும் பிழிந்தான். முட்டை போடாததால் வாசலில் நின்ற நளினியின் அம்மா சுமாவின் கையிலும் ஒரு பிஸ்கட் வந்து சேர்ந்தது. நான்கு பேரும் கடித்தார்கள். புளிப்பில் நான்கு பேருக்கும் பல் கூசியது, கண்ணில் தண்ணீர் வந்தது. இதுதான், இதேதான் என்று சொல்லிச் சொல்லித் தின்றான் திலீப்.