எட்டு முழம்

மேசைவிரிப்பின் ஒரு மூலை நனைந்திருந்தது.

பொன்ராஜ் கூஜாவைப் பார்த்தான். அது ஜன்னல் ஓரத்தில் மூடியபடி இருந்தது. மழை இல்லை. அறையின் பாதித் தரையில் வெயில் கிடந்தது. மூலையைப் பிழிந்தான். பழுப்பு நீர் சொட்டியது. விரல்களை முகர்ந்தான். உப்பும் சேறும் நாட்பட்ட பாசியும் கலந்த வாசனை. விடுதிக்குப் பின்னால் அடையாறு ஓடியது. காற்று திரும்பினால் அந்த வாசனை எல்லா அறைகளுக்கும் வரும். ஆனால் காற்றில் வரும். துணியில் வராது.

துணியைப் பற்றி அவனுக்குத் தெரியும். தியாகராய நகரில் அப்பாவின் ஜவுளிக்கடை, மாடியில் வீடு. பதினேழு வருடங்களாகத் துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்து, பேரம் பேசும் குரல்களில் விழித்தவன். தனக்கென்று ஓர் அறை இருந்ததில்லை. விடுதிக்கு அனுப்பும்போது அப்பா ஒன்றுதான் சொன்னார்.

"ஒரு வருசம். நடுவுல பெட்டியத் தூக்கிட்டு வந்தேன்னு வையி, மறுநாள் காலையில கல்லாவுல உக்காந்துரணும். அப்புறம் படிப்புன்னு வாயத் திறக்கப்படாது."

அதனால் அறையைக் கவனமாக அமைத்தான். மூட்டைப்பூச்சிக்காகக் கட்டில் இடுக்குகளில் வெந்நீர் ஊற்றினான். மேசையின் ஆடும் காலுக்கு அட்டை மடித்து வைத்தான். புத்தகங்களை உயரவாரியாக அடுக்கினான். கடையின் 1972 காலண்டரை மாட்டினான். தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். கடைசியாகத் துணி. அலமாரித் துணியைத் தொட அப்பா விடமாட்டார். மிச்சம் விழுந்த கட்பீஸ் எடுக்கலாம். கிடங்கின் மேல்தட்டில், பழுப்புத் தாளில் சுற்றி, எட்டு முழம் வெள்ளை மல் துணி தூசி படிந்து கிடந்தது. யாருக்கும் வேண்டாதது என்று எடுத்து வந்தான். கத்தரித்தான். மேசைக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று, புத்தகத் தட்டுக்கு ஒன்று. பெரிய துண்டு மிஞ்சியது.

கதவோரம் இன்னொரு கட்டில் இருந்தது. அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. துருவேறிய கம்பிகள் கண்ணை உறுத்தின. மிச்சத்தை அதன்மேல் விரித்து நீவிவிட்டான்.

அது செவ்வாய்க்கிழமை. இன்று வியாழன்.

வெள்ளியன்று காலை ரங்கன் பெருக்க வந்தான். விடுதிக்குக் காவலும் துப்புரவும் அவன்தான். வாசலைத் தாண்டாமல் துடைப்பத்தால் தரையைக் காட்டினான்.

"இன்னா நைனா, ரெண்டு பேரா கீறீங்கோ?"

"நான் மட்டுந்தான்."

"அப்போ இது இன்னா, உன் காலா? வெச்சிக் காட்டு."

ஈரத் தடம். பொன்ராஜ் பக்கத்தில் தன் பாதத்தை வைத்தான். தடம் மூன்று விரற்கடை நீளமாக இருந்தது. விரல்கள் அகன்று, வீங்கியவைபோல். கம்பி போட்ட மாடி ஜன்னலின் கீழே தொடங்கிக் கதவோரக் கட்டிலில் முடிந்தது. திரும்பிய தடம் இல்லை.

"வெளியாள இட்டாந்து படுக்க வெச்சிக்கினு கீற. வார்டன் கைல சொன்னேன்னா பெட்டி ரோட்ல கெடக்கும்."

"யாரும் வரலைங்க."

"துணிக்கட வூட்டுப் புள்ள, ஜோரா பெட்டு போட்டு வெச்சிகிற. வாடகைக்கு உடப் போறியா?"

பெருக்காமல் போனான். பொன்ராஜே துடைத்தான். இரண்டு முறை துடைத்தும் தடங்கள் காயவில்லை.

மதியம் வகுப்பு முடிந்து வந்தபோது ஜன்னலில் திரை இல்லை. கதவுப் பூட்டு போட்டபடியே இருந்தது. திரை கதவோரக் கட்டிலில், பெரிய துண்டை ஒட்டி விரிந்து கிடந்தது. எடுத்து மாட்டினான். சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தபோது மூன்று துண்டுகளும் பெரிய துண்டோடு சேர்ந்து கட்டிலில் இருந்தன. அவன் கத்தரித்த வரிசையிலேயே, ஓரத்தோடு ஓரம். வெட்டிய இடத்தை விரலால் தடவினான். தட்டுப்படவில்லை. நகத்தால் நெருடினான். இழைகள் பின்னியிருந்தன. நடுவில், நீளவாக்கில், ஓர் ஆள் படுத்து எழுந்த பள்ளம்.

மாலையில் அய்யாதுரை வந்தார். இருபது வருடங்களாக அப்பாவின் கடையில் துணி அளப்பவர். கையில் தூக்குச்சட்டி.

"ஒங்க அம்மா மீன்கொழம்பு குடுத்து விட்டாவ. முள்ளு பாத்துத் தின்னணுமாம். நீ இன்னும் தொட்டில்ல கெடக்கதா நெனப்பு அவியளுக்கு."

சிரித்தபடி திரும்பியவர் கட்டிலைப் பார்த்தார். தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, இது ஏது?"

"கிடங்குல இருந்த கட்பீஸ்ணே."

"மேல்தட்டுல? பழுப்புத் தாள் சுத்தி?"

"ஆமா."

"கட்பீஸ் இல்லப்பா அது. கோடி."

பொன்ராஜ் கட்டிலை விட்டு விலகினான். பிணத்தின்மேல் போர்த்தும் புதுத்துணி. கோடி கேட்டு வருபவரிடம் கடையில் விலை பேசமாட்டார்கள். கத்தரி வைக்காமல் கையால் கிழித்துக் கொடுப்பார்கள். போகிறவரிடம் 'போயிட்டு வாங்க' என்று சொல்வதில்லை. கிழித்ததைத் திரும்ப அடுக்குவதும் இல்லை.

"போன ஐப்பசியில ஒருத்தரு வந்தாரு. அவரு தம்பி அடையாத்து முகத்துவாரத்துல முங்கிட்டான். ஒடம்பு ஒதுங்கிருக்குன்னு ஆள் வந்து சொல்லவும் கோடி கிழிக்கச் சொன்னாரு. நாந்தான் கிழிச்சேன். இங்கனயே இருக்கட்டும், பாத்துட்டு வந்து எடுத்துக்கிடுதேன்னு போனாரு. அது வேற ஆளு ஒடம்பு. இவன் கெடைக்கவே இல்ல. இத விக்கவும் முடியாம எறியவும் முடியாம முதலாளி மேல போட்டு வச்சிருந்தாவ." அவர் குரல் தாழ்ந்தது. "இதுலயா கத்தரி வச்ச?"

"நீங்க எடுத்துட்டுப் போயிருங்கண்ணே."

"நான் தொட மாட்டேன். பெட்டியக் கட்டு. இப்பமே வீட்டுக்குப் போவோம்."

பொன்ராஜ் மேசையைப் பார்த்தான். அது இப்போது ஆடவில்லை.

"நான் வரலை."

"கிறுக்கா ஒனக்கு?"

"வந்தா கல்லாதான். அப்பா சொன்னா சொன்னதுதான்."

"கல்லாவுலயே இருந்துட்டுப் போயேன். உசுரோட இருப்பல்லா."

"அப்பாகிட்ட சொல்லிராதீங்க."

அய்யாதுரை வாசலுக்குப் போனார். பிறகு படியிறங்கினார். எப்போதும் 'வாரேன் தம்பி' என்பார். இன்று சொல்லவில்லை.

விளக்கு வைக்கும் நேரம். சனிக்கிழமையாதலால் விடுதி ஏறக்குறைய காலியாக இருந்தது. கதவைச் சாத்தித் தாழிட்டான். வெளியாள் இருப்பதாக இனி யாரும் எட்டிப் பார்த்துச் சொல்லக்கூடாது. கதவோரக் கட்டிலுக்கு எதிரே நின்று, வாடிக்கையாளரிடம் பேசும் குரலில் சொன்னான்.

"இது உங்களுது. எடுத்துட்டுப் போயிருங்க."

பல்பைப் போட்டுத் தன் கட்டிலில் கால்களை மடக்கி உட்கார்ந்து வேதியியல் புத்தகத்தைத் திறந்தான். தூரத்தில் சைதாப்பேட்டைப் பாலத்தில் ரயில் போகும் ஓசையும், கீழே குழாயடியில் யாரோ வாளி வைக்கும் ஓசையும், சுவரில் பல்லி கொட்டும் ஓசையும் ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாக நின்றன. மிஞ்சியது ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. கதவோரக் கட்டிலுக்கு அடியில்.

ஜன்னலுக்குப் போனான். கீழே வாயிற்கதவருகே அய்யாதுரை நின்றிருந்தார். அண்ணாந்து இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். போகவில்லை.

ஒரு குரல் போதும். கூப்பிட்டால் வருவார். வந்தால் பெட்டி. பெட்டி என்றால் கல்லா.

பொன்ராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறக்கவில்லை. அய்யாதுரை தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். மரங்களுக்குப் பின்னால் மறைந்தார்.

பின்னால் கட்டில் கம்பி ஒன்று கிறீச்சிட்டது. இன்னொன்று. எடை ஏறும் ஓசை.

திரும்பினான்.

துணி உயர்ந்திருந்தது. தலை. மார்பு. முழங்கால். வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழி. அது அசையவில்லை. மூச்சில்லை. துணி கால்மாட்டில் விலகியிருந்தது. பாதங்கள் வெளியே. வெளுத்து, ஊறி, தோல் சுருங்கி.

கதவு அந்தக் கட்டிலுக்கு அப்பால்.

நீர் தரையில் பரவியது. அவன் காலைத் தொட்டது. சில்லென்று.

"அண்ணே."

கீழே யாரும் இல்லை.

அது புரண்டது. மெதுவாக. தூக்கத்தில் புரள்பவரைப்போல் ஒருக்களித்து, சுவரோடு ஒட்டிக்கொண்டது. கட்டிலில் பாதி இடம் விட்டது.

பிறகு ஒரு கை, வீங்கிய விரல்களால், துணியின் ஓரத்தை அவன் பக்கமாகத் தூக்கிப் பிடித்தது.