விளக்கு போடாத பலகை

"ஆரம்பிக்கலாமா?" என்று அவன் கேட்பதற்குள் அவள் ஆரம்பித்தேவிட்டாள்.

எழுத்துப் பலகையின் மேல் வரியிலிருந்து கடைசிப் பொடி எழுத்து வரை... தங்குதடையில்லாமல் ஒப்பித்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள் அவள். பிள்ளைகளுக்கு 'வேன் அக்கா'. கண் சோதனையில் தேறினால்தான் சாவி கைக்கு வரும். ஆகவே, முன்னால் போனவர்கள் படித்ததையெல்லாம் வரிசையில் நின்றபடியே நெட்டுருப் போட்டிருந்தாள்.

கண் பரிசோதிக்கும் இளைஞன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். பிறகு மெல்லச் சொன்னான்:

"பலகைக்கு நான் இன்னும் விளக்கே போடலைங்க..."

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. நாலு பேரைக் கூட்டிச் சிரித்திருக்கலாமே இவன்... கதவைச் சாத்தத் தோன்றியதே, அதற்காகவே மனம் அவனைக் கும்பிட்டது. ஆனாலும் வீம்பு விடவில்லை. வீட்டில் வரன் பார்க்கிறார்கள், கண்ணாடி என்றாலே அம்மாவுக்கு ஆகாது, எழுதிக் கொடுத்துவிடாதீர்கள் என்று முறைத்தாள்.

அவன் சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் பார்த்து, ஜன்னலருகே நிற்க வைத்தான்.

வெளியே மழை. மரம் இத்தனை நாளும் ஒரே பச்சைத் திட்டு... இன்றோ இலை இலையாக, இலை நுனியில் துளித் துளியாக... எதிர்ச் சாரியில் ஒரு சிறுமி குடையைச் சுழற்றியபடி போனாள். வேன் அக்காவின் முகத்தில் மலர்ந்த சிரிப்பு, அந்தச் சிறுமியைக் கண்டதும் அப்படியே நின்றது.

"இது தெரியாமலா... நான் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போனேன்?"

கண் நிறைந்துவிட்டது. கண்ணாடி வரும்வரை வண்டியைத் தொடுவதில்லை என்று அவளே முடிவு செய்தாள்.

கண்ணாடி வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க, மகளை இழுத்துக்கொண்டு அம்மாவும் வந்தாள்.

"இதை நீயே வச்சுக்க தம்பி. கண்ணாடி போட்டவளை எவன் கட்டுவான்?"

அவன் வயதானவர்கள் படிக்கப் போடும் கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டினான். "இதைப் போட்டுக்கிட்டுத் திட்டுங்கம்மா."

போட்டுக்கொண்டு, திட்டுவதற்கென்று மகள் பக்கம் திரும்பிய அம்மா அவள் முகத்தருகே குனிந்தாள். வெகு நாளுக்குப் பின் அந்த முகத்தைக் கிட்டத்தில் தெளிவாகப் பார்க்கிறாள்.

"என்னடி இது... கண்ணைச் சுத்தி இவ்வளவு கறுப்பு?"

"தினமும் தலைவலின்னு சொன்னேனேம்மா..."

அம்மாவின் பெருவிரல் அந்தக் கறுப்பைத் தடவியது. பிறகு அவளே மகளின் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டாள். ஆண்டவன் சில நெஞ்சுகளை இப்படித்தான் சத்தமில்லாமல் திறக்கிறான்.

"சரி... எவன் கட்டுவான்னு கேட்டேனே?" இப்போது குரலில் சண்டை இல்லை, கவலைதான் இருந்தது.

அவன் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

"கண்ணாடின்னதும் அழகு போச்சேன்னு அழுதவங்களை நிறையப் பார்த்திருக்கேன்மா. அடுத்தவங்க பிள்ளைங்களை நினைச்சு அழுதது இவங்கதான். அன்னிலேருந்து... இவங்களுக்குச் சம்மதம்னா, நான் கட்டிக்கிறேன்."

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"பலகையில இருந்ததெல்லாம் மறந்துபோச்சு," என்றாள் கடைசியில், தலை நிமிராமல். "உங்க முகம் மட்டும்... விளக்கு போடாட்டியும் தெரியுது."