எது அதிகம் இழுக்கிறது

பெரிய வேக்குவம் கிளீனரின் பையைப் பிரித்தபோது தூசிக்கு நடுவே புளிய இலைகள் கிடந்தன. வாடாத, பச்சை இலைகள். ராஜாம்பாள் இரண்டை எடுத்து விரலில் நசுக்கினாள். புளிப்பு வாசனை வந்தது. அவர்கள் தெருவில் புளியமரமே கிடையாது. கூடத்தின் கதவும் ஜன்னலும் சாத்தியே இருந்தன.

"பாத்தியா? சின்னது இதையெல்லாம் வுட்டுட்டுது" என்றார் அவள் கணவர் தீனதயாளன்.

தீனதயாளன் கள்ளக்குறிச்சியில் ஒரு மனமகிழ் மன்றத்தின் தலைவர். சீட்டுக்கட்டு வாங்குவதற்குக்கூடத் துணைக்குழு அமைப்பவர். ஊரின் முதல் வேக்குவம் கிளீனர் தன் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டு, சின்னதா பெரியதா என்பதை மட்டும் ஆராய்ச்சிக்கு விட்டிருந்தார். எது அதிகம் இழுக்கிறதோ அது. ஆராய்ச்சி என்பது அவ்வளவுதான்.

விற்பனைக்காரர் சின்னதுரை இரண்டையும் கொண்டுவந்தது எண்பத்தேழு செப்டம்பரில், மகன் அன்புச்செல்வன் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்காக விழுப்புரம் பஸ் ஏறப் புறப்பட்ட கையோடு. கூடத்தில் ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டபோது ராஜாம்பாள் தடுத்தாள்.

"புள்ள இப்பதான் படியெறங்கிப் போயிருக்குது. போய்ச் சேர்ற வரிக்கும் வூட்டைப் பெருக்கக் கூடாதுங்க. பொணம் எடுத்தாத்தான் ஒடனே பெருக்குவாங்க."

"தொடப்பத்தாலதான் கூடாது" என்றார் தீனதயாளன். "இது மோட்டாரு."

"எங்க கம்பெனில சாஸ்திரத்துக்குன்னு தனி மாடல் போடலீங்கம்மா" என்றார் சின்னதுரை. இருவரும் சிரித்தார்கள். மெஷின் ஓடியது.

இரண்டையும் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று விட்டுப்போனார் சின்னதுரை. மறுநாள் விடியலில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. ரோட்டோரப் புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. பஸ் இல்லை, தந்தி இல்லை, செய்தித்தாள் இல்லை. விற்பனைக்காரர் திரும்பவில்லை. மகனும் திரும்பவில்லை.

ராஜாம்பாள் துடைப்பத்தைத் தொடவில்லை. தீனதயாளன் மட்டும் சாயங்காலமானால் பிளக்கைச் செருகிவிடுவார். முதலில் ஒரு முனகல், பிறகு பல்லைக் கூச வைக்கும் ஓலம், சூடேறிய ரப்பர் நாற்றம்; அதற்கடியில், காதைக் கூர்மையாக்கினால் மட்டும் கேட்கிற மாதிரி, மேடேறுகிற மனிதனின் மூச்சிரைப்பு. சின்ன மெஷினில் வீட்டுத் தூசியும் அவர்கள் தலைமுடியும் வந்தன. பெரியதில் தார்த் துணுக்குகள் வந்தன. பச்சைக் கட்டையின் சீவல் வந்தது. ஒருநாள் செருப்பு வார் வந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். அறுந்த இடத்தில், மகன் புறப்படுமுன் அவளே போட்ட நீல நூல் தையல்.

"சின்னதையே வாங்கிக்கலாங்க" என்றாள்.

"கம்மியா இழுக்கறதைப் போய் வாங்கச் சொல்றியே. மன்றத்துல நாலு பேர் கேட்டா இன்னா பதில் சொல்றது?"

"இது நம்ம வூட்டுத் தூசி இல்லீங்க."

"தூசிக்குப் பட்டா வெச்சிருக்கியா?"

அடுத்த நாள் வடக்கனந்தலிலிருந்து வயல் வழியாக நடந்தே பால் கொண்டுவந்த ஆயம்மாள் ஒரு சேதி சொன்னாள். "ஒங்க புள்ளய தியாகதுருகம் கிட்ட எங்க ஊரு ஆளு பாத்தாராம்மா. நடந்தே வந்துகினு இருக்குதாம். காலுதான் வெக்க முடியலியாம். வெறுங்காலு, நகமெல்லாம் பேந்து கெடக்குதாம்."

ராஜாம்பாள் பால் செம்பைத் திண்ணையிலேயே வைத்தாள். உள்ளே போய்ப் பெரிய மெஷினின் பையைத் திறந்தாள். தூசியைக் கிளறினாள். விரலில் தட்டுப்பட்டது. வெட்டிய துண்டு இல்லை. முழு நகம். கால் கட்டைவிரலுடையது.

கணவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நகத்தையே இழுக்குது பாரு" என்றார். "பெரிசுதான். முடிவு பண்ணியாச்சு."

"அவன் வந்து சேர்ற வரிக்கும் இதைப் போடாதீங்க. ஒங்க கால்ல வுழறேன்."

"சரி, சரி" என்றார். தலைவர்கள் சொல்கிற சரி.

பொழுது சாய்ந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். பஸ் சத்தமே இல்லாத ஊர் கிணறு போலக் கிடந்தது. மேற்கே கல்வராயன் மலை கறுத்துக்கொண்டு வந்தது. தெருமுனையில் ஒருவன் திரும்பினான். தோளில் பை. வெள்ளைச் சட்டை. தள்ளாடித் தள்ளாடி வந்தான்.

வந்துவிட்டான்.

அப்போது முதுகுக்குப் பின்னால் அந்த முனகல்.

அவன் தெருவின் நடுவில் நின்றான். யாரோ முழங்காலைப் பிடித்து இழுத்த மாதிரி ஒருமுறை குலுங்கினான். மறுபடி வந்தான். அவன் காலடியிலிருந்து மெல்லிய புழுதி எழுந்தது. காற்றே இல்லை. புழுதி நூலாய் நீண்டு, அவளைத் தாண்டி, வாசற்படி ஏறி, கூடத்துக்குள் போனது.

ஓடினாள். கணவரை இடித்துத் தள்ளினாள். சுவிட்ச்.

ஓலம் அடங்கியது.

"இன்னா ராஜாம்பா, நல்லா இழுத்துகினு இருந்திச்சு" என்றார் தீனதயாளன். பை புடைத்திருந்தது. வழக்கத்தைவிட ஜாஸ்தியாக.

"அம்மா."

திரும்பினாள். வாசற்படியில் அன்புச்செல்வன். அவனுடைய முகம். தோள். வியர்வையில் ஒட்டிய சட்டை. பெல்ட்டுக்குக் கீழே, கால்கள் இருக்க வேண்டிய இடத்தில், எதிர்வீட்டுக் கதவு தெரிந்தது.

அவனுக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு களைத்துப்போய்ச் சிரித்தான்.

"காலு ரொம்ப வலிக்குதும்மா" என்றான். "செத்த நேரம் உக்காந்துக்கறேன்."

கூடத்தில், பெரிய மெஷினின் துணிப்பைக்குள், ஒரு முழங்கால் மெல்ல மடங்கியது.