ஒரு சாண் காரில் ஓர் இழை சிவப்பு

மூக்குக்கண்ணாடி விற்பதுதான் கண்ணாடிக்காரரின் தொழில். ஆனால் காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பார் என்று பெயர் வாங்கிவிட்டதால், பார்வையில் ஒரு குறையும் இல்லாதவர்களும் அவர் கடைப் படியேறினார்கள். அன்று காலை வந்த நர்ஸும் அப்படித்தான். வேலைக்குப் போகிற வழியில் சீருடையோடு வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், என் வீட்டுக்காரரோட காரை யாரோ கெடுத்துட்டாங்க," என்றாள்.

"எந்த வண்டி? நம்பர் சொல்லுங்க," என்று நோட்டைப் பிரித்தார் மைத்துனர். கண்ணாடிக்காரர் மனைவியின் தம்பி. கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவர். நாற்பத்தைந்து வயதாகியும் அந்த முந்திரிக்கொட்டைத்தனம் மட்டும் போகவில்லை.

"இவ்வளவுதான் இருக்கும்," என்று நர்ஸ் விரல்களை விரித்து ஒரு சாண் காட்டினாள். மைத்துனர் நோட்டை மெல்ல மூடினார்.

விஷயம் இதுதான். அவள் கணவர் டிராக் பந்தயக்காரர். வளைவே இல்லாத நேர்ப்பாதையில் இரண்டு கார்கள் ஒரே கோட்டிலிருந்து சீறிக் கிளம்பி ஏழெட்டு நொடியில் முடித்துவிடுகிற பந்தயம் அது. அந்த வேகத்துக்கு பிரேக் மட்டும் போதாது. ஓட்டுகிறவர் ஒரு கைப்பிடியை இழுத்தால், பின்னால் பாராசூட் விரிந்து காரைப் பிடித்து நிறுத்தும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் அது விரியவில்லை. பாதை முடிந்தும் நிற்காத கார் சுவரில் மோதித் தீப்பிடித்தது. அவர் பிழைக்கவில்லை.

"கைப்பிடியை இழுக்க மறந்துட்டார்னு எழுதி முடிச்சுட்டாங்க சார். என் பொண்ணுக்கு எட்டு வயசு. ஸ்கூல்ல யாரோ அதை அவகிட்ட சொல்லிட்டாங்க. தினம் காலைல பையை அஞ்சு தடவை பிரிச்சுப் பார்க்கிறா. ஒரு பென்சிலை மறந்துட்டா அழுது ஊரையே கூட்டுறா. மறந்தா செத்துப்போயிடுவோம்னு நினைக்கிறா." சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை.

கணவரின் அண்ணன் பல்செட் செய்கிறவர். அவர் ஒரு வருடம் உட்கார்ந்து அந்தக் காரை அச்சு அசலாகச் சிறிய அளவில் செய்திருந்தார். இன்று மாலை ஐந்து மணிக்குப் பந்தய கிளப்பில் எல்லோர் முன்பும் திறந்துவைப்பதாக ஏற்பாடு.

"நேத்து மத்தியானம் நானும் பொண்ணும் போய்ப் பார்த்தோம். பின்னாடி பாராசூட் பையில அரிசி நீளத்துக்கு ஒரு சிவப்பு ரிப்பன் தொங்கிச்சு. இன்னைக்குக் காலைல போனா ரிப்பனைக் காணோம். காரோட முன்கண்ணாடி கண்ல புரை விழுந்த மாதிரி வெளுத்துக் கிடக்கு. கிளப்புல அது இருக்கிற ரூம் சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு சார். ஒண்ணு காரைச் செஞ்ச மாமாகிட்ட, இன்னொண்ணு மெக்கானிக் அண்ணன்கிட்ட. ரெண்டு பேரும் இதைச் செய்யிற ஆளுங்க இல்ல."

கண்ணாடிக்காரர் உருப்பெருக்கி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கிளப்பின் முன்னறையில் அந்த இரண்டு பேருமே காத்திருந்தார்கள். மெக்கானிக் இறந்தவரின் நண்பர். பஞ்சுக் கழிவால் கையைத் துடைத்துக்கொண்டே நாற்காலி இழுத்துப் போட்டார். அவரது வலது கட்டைவிரலில் குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. பல்செட்காரர் மேஜையருகே அசையாமல் நின்றார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த காரைப் பார்த்து மைத்துனர் வாயைப் பிளந்தார். மூன்று பொம்மைக் கார் கிட் வாங்கி, ஒன்றின் அடிச்சட்டத்தை அறுத்து நீட்டி, இன்னொன்றின் எஞ்சினை ஏற்றி, மூன்றாவதன் சக்கரங்களைப் பூட்டியிருந்தார் பல்செட்காரர். எஞ்சினிலிருந்து டெலிபோன் வயர் இழைகள் எட்டும் தனித்தனியாக ஓடின. உள்ளே ஓட்டுநர் பொம்மை ஹெல்மெட்டின் முகத்திரையை இறக்கி, கையுறை போட்டு, பெல்ட்டில் இறுகி உட்கார்ந்திருந்தது. பின் டயர்கள் தீய்ந்து, ரப்பர் துகள் ஒட்டிச் சொரசொரவென்று இருந்தன.

"டயர் ஏன் இப்படி?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"கிளம்புறதுக்கு முன்னாடி ஒரே இடத்துல சக்கரத்தைச் சுத்தவிட்டு சூடு பண்ணுவாங்க," என்றார் பல்செட்காரர். "அப்புறம் கோட்டுக்கு வந்து நிக்கும். பச்சை விளக்கு எரியும். போயிடும்."

"அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?" என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

"காருக்கு முன்னாடி. கையைக் காட்டிக் கோட்டுல கொண்டுவந்து நிறுத்துறது என் வேலை."

சுவரில் இருந்த, அந்தக் கார் கடைசியாகக் கோட்டில் நின்றபோது முன்பக்கமிருந்து எடுத்த புகைப்படமும் அதையே சொன்னது. மைத்துனர் பக்கத்திலிருந்த விதிப் பலகையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "எவன் எழுதினது இது, அத்தான்? எழுத்தா இது, கோழி கிளறின மாதிரி! 'ஏழு. கிளம்புமுன் பாராசூட் ஊசியை உருவவும்.' ஒரு வரிகூட நேரா இல்லை."

"இன்னொரு தடவை படி, மாப்பிள்ளை."

படித்தார். பிறகு சுற்றியிருந்த படங்களைப் பார்த்தார். சிவப்பு என்றால் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஷெட்டில் நிற்கிற கார்களின் பாராசூட் பைகளிலெல்லாம் சிவப்பு ரிப்பன் தொங்கியது. கோட்டில் நிற்கிற கார்கள் ஒன்றில்கூட இல்லை. அந்த ஊசியில் கட்டுகிற ரிப்பன்தான் அது என்று மைத்துனருக்குப் புரிந்தது.

கண்ணாடிக்காரர் பெட்டியைத் திறந்து, பாராசூட் பையை உருப்பெருக்கியால் நெடுநேரம் பார்த்தார். பிறகு நால்வரையும் மேஜையைச் சுற்றி நிற்கச் சொன்னார்.

"முதல்ல இந்த வெள்ளை. பனி இல்ல, பனின்னா துடைச்சா போயிடும். சூப்பர் குளூவைப் போட்டுட்டு பெட்டியை மூடினா, அதோட ஆவி வெளியே போக வழியில்லாம கண்ணாடியில படியும். கைரேகை இருந்தா அதுமேலயும் படிஞ்சு அதை எடுத்துக்காட்டும். மாடல் செய்யிற யாரும் கண்ணாடிப் பக்கத்துல அதைத் தொடமாட்டாங்க."

"பக்கத்துலயே விடமாட்டேன்," என்றார் பல்செட்காரர்.

"அப்ப செஞ்சவருக்கு மாடல் வேலை தெரியாது. ரிப்பனைப் பிடுங்கினப்ப பையும் கையோட வந்திடுச்சு. அவசரமா ஒட்டி மூடிட்டார். இதோ, பெட்டிக்கு உள்பக்கம் வெள்ளையா ஒரு கட்டைவிரல். குறுக்கே ஒரு தழும்பு."

மெக்கானிக் பஞ்சுக் கழிவுக்குள் கையை மறைத்துக்கொண்டார். மைத்துனர் துள்ளினார். "ஊசியை உருவ மறந்தது நீங்கதான்! ஊசி குத்தியிருந்தா ஆயிரம் தடவை இழுத்தாலும் பாராசூட் திறக்காது. அது தெரிஞ்சிடும்னு ரிப்பனைப் பிடுங்கிட்டீங்க!"

நர்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணே?" என்றாள்.

"ஆமாம்மா," என்றார் மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு. "நான்தான்."

"ரிப்பனைப் பிடுங்கினது நீங்க. ஊசியை மறந்தது நீங்க இல்ல," என்றார் கண்ணாடிக்காரர். "முன்னாடி நிக்கிறவருக்குக் காரோட பின்புறம் தெரியாது. இந்தக் காரைப் பாருங்க. டயர் சூடேறியாச்சு, முகத்திரை இறங்கியாச்சு. கோட்டுல நிக்கிற கடைசி நொடி இது. இவ்வளவு சரியாச் செஞ்சவர், அந்த நொடியில இருக்கக்கூடாத ரிப்பனைத் தெரியாம வச்சிருப்பாரா? அதைப் பின்னாடி நின்ன ஒருத்தர்தான் பார்த்திருக்க முடியும்."



"இன்னும் ஒண்ணு. இந்த மாடல்ல பெல்ட், கையுறை எல்லாம் வர்ணம் பூசின காகிதம். பிடுங்கின பிறகும் பையில மாட்டியிருக்கிற ரிப்பன் துணுக்கு மட்டும் நிஜத் துணியிலிருந்து உருவின இழை. நுனி கருகியிருக்கு." அவர் பல்செட்காரர் பக்கம் திரும்பினார். "மிச்ச ரிப்பன் எங்கே இருக்கு?"

பல்செட்காரர் சட்டைப் பையில் கைவிட்டார். வெளியே வந்தது ஓர் இரும்பு ஊசி. அதில் விரல் அகல ரிப்பன், பாதி கருகித் தொங்கியது. மைத்துனருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உருவுறது என் வேலை," என்றார் பல்செட்காரர். "கார் கிளம்பின பிறகுதான் பின்னாடி சிவப்பா பறக்கிறதைப் பார்த்தேன். கத்தினேன். யாருக்குக் கேக்கும்? முதல்ல ஓடிப்போனது நான்தான். தம்பியைத் தொடுறதுக்கு முன்னாடி இதைத்தான் உருவினேன்."

"கைப்பிடி?" என்றாள் நர்ஸ். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

"ஒடிஞ்சு அவன் கையில இருந்துச்சு. மோதினதுல ஒடிஞ்சதுன்னு எழுதினாங்க. இல்லம்மா. இழுத்து இழுத்து ஒடிச்சிருக்கான். நான் வாயைத் திறக்கல. வாயால சொல்ல வரல, அதான் கையால செஞ்சேன். சாயங்காலம் எல்லாருக்கும் தெரியட்டும்னு இருந்தேன்."

"ரிப்பனைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு," என்றார் மெக்கானிக். "இது வெளிய வந்தா இவரும் உயிரை விட்டுடுவார், அந்த வீட்டுல ஒரு சாவு போதும்னு நினைச்சேன்."

நர்ஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பேயறைந்தவள் போல மைத்துனரையும் கண்ணாடிக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்களில் யாராவது இதை இல்லையென்று சொல்லிவிட மாட்டார்களா என்று பார்த்தது போலிருந்தது.

"தினம் அவளை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது நீங்கதானே, மாமா," என்றாள் கடைசியில். "அவ பையைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்கிறதை தினம் பார்த்துட்டுத்தானே நின்னீங்க?"

பல்செட்காரரின் தோள்கள் குலுங்கின.

நர்ஸ் ஊசியை அவர் கையிலிருந்து வாங்கினாள். ரிப்பனின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, அரிசி நீளத்துக்குக் கத்தரித்தாள்.

"வெளுக்காத பசை எது?"

அவர் ஒரு சின்னப் புட்டியை நகர்த்தினார். அவள் இடுக்கியால் இழையை எடுத்துப் பாராசூட் பையில் வைத்து ஒட்டினாள். குழந்தைகளுக்கெல்லாம் ஊசி போடுகிற கை அது, இழை நேராக உட்கார்ந்தது. கண் மட்டும் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"அஞ்சு மணிக்கு என் பொண்ணு வருவா. இந்த ரிப்பன் எதுக்குன்னு கேட்பா. அவங்கப்பா எதையும் மறக்கலைன்னு நீங்கதான் அவகிட்ட சொல்லணும். நான் பக்கத்துல நிக்கிறேன்."

பழக்கதோஷத்தில் மெக்கானிக் கண்ணாடிப் பெட்டியை மூடப் போனார்.

"மூடாதீங்க அண்ணே," என்றாள் அவள். "அப்படியே திறந்திருக்கட்டும்."