ஓடைக்கு அந்தாண்ட

விளக்கேற்றும் நேரத்தில் அடுப்படியிலிருந்து முட்டை வெள்ளைக்கருவின் கவிச்சி, அரைத்த பச்சிலை வாடையோடு சேர்ந்து, ஈரத்துணிபோல வந்து தலையாரி தணிகாசலத்தின் முகத்தில் படிந்தது. அந்த வீட்டில் கோழி இல்லை. எலும்பு முறிந்தவர்களுக்குப் புத்தூரில் மூங்கில் பத்தை வைத்துப் போடும் கட்டுக்குத்தான் அந்த வாடை உண்டு.

"என்னா நாத்தம் இது?"

"ஒண்ணும் காணோமே. உம் மூக்குக்குத்தான்யா கட்டு போடணும்." மனைவி செல்லியம்மா அடுப்பை ஊதினாள். "சேதி தெரியுமா? சர்வேக்காரங்க புது எல்லைக்கல்லை ஓடைக்கு அந்தாண்ட நட்டுட்டுப் போயிட்டாங்க. இனிமே ஓடையும் நம்ம ஊருதானாம்."

தணிகாசலம் எழுந்து கதவைச் சாத்தினான்.

போன கடலை அறுப்பில், யாரோ அடித்துப்போட்ட எத்திராஜ், ஊர்க் கொல்லையில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தான். வலது கையில் புத்தூர்க் கட்டு. ஊர் எல்லைக்குள் பிணம் விழுந்தால் போலீஸ் வந்து வீட்டுக்கு வீடு லாடம் கட்டும். ஆகவே ஊர் எப்போதும் செய்வதையே செய்தது. காலைப் பிடித்து இழுத்துப்போய், அப்போது மெட்ராஸ் எல்லைக்குள் இருந்த ஓடையில் போட்டார்கள். தடத்தை அழிக்கத் தணிகாசலம் மட்டும் பின்தங்கினான். அப்போது பிணம் கண்ணைத் திறந்தது.

"அண்ணா, தண்ணி."

பிழைத்தால் பேசுவான். இழுத்தவர்கள் பெயரைச் சொல்வான். தணிகாசலம் ஒரு கல்லை எடுத்தான். மண்டை இளகும்வரை நிறுத்தவில்லை. மெட்ராஸ் போலீஸ் பிணத்தைக் கொண்டுபோனது. யாரும் சிக்கவில்லை.

வெளியே சரளையில் மூங்கில் பத்தை உரசியது. நின்றது. மறுபடி உரசியது, ஓடைப் பக்கமிருந்து, கடலைக் கொல்லை வழியாக, வாசலை நோக்கி.

"நாய் எதையோ இழுத்துக்கினு வருது," என்று செல்லியம்மா எழுந்தாள்.

"கதவைத் தொறக்காதே."

திறந்தாள். "ஒருத்தரும் இல்லையே."

அவன் கணுக்காலில் குளிர் சுற்றியது. மூங்கில் பத்தைகள் தோலில் அழுந்தின. விழுந்தான். நிலைப்படியைப் பற்றினான். நகங்கள் பிய்ந்தன. செல்லியம்மா பிடித்த கை வழுக்கியது.

சரளை. முதுகுத்தோல் கிழிந்தது. ஓடை மணல். வாயெல்லாம் மண். சுண்ணாம்பு காயாத புதுக்கல்.

கல்லைத் தாண்டியதும் கால் விடுபட்டது.

"எத்திராஜு, வாணாம்டா."

இளகிய முகம் அவன்மேல் குனிந்தது. கட்டுப் போட்ட கை மணலைத் துழாவி, ஒவ்வொரு கல்லாக எடுத்து எடை பார்த்துக்கொண்டிருந்தது.