ஜீப் கேரியரும் தேரிக்கிணற்று மணியும்

"பிடிச்சுக்கோங்க! இந்த மேட்டைத் தாண்டிட்டா கிணறுதான்!"

ஜெனோவா டீச்சர் கத்திக்கொண்டே கியரை மாற்றினார். ஜீப் உறுமிக்கொண்டு தேரியின் செம்மணலை வாரி இறைத்தது. பின்சீட்டில் இருந்த சங்குகுளிக்காரன் தஸ்நேவிஸ் ஹோவென்று சிரித்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெல்டிங் பட்டறை அமல்தாஸுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கூரைக்கு மேல் கேரியர் 'கிணுங்' என்றது. அவன் கூரையையே அண்ணாந்து பார்த்தான்.

கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து மணல்துறைக் கோயிலின் வெண்கல மணியைத் தேரிக்காட்டுக் கல்கிணற்றில் போட்டு மறைத்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பழைய ஞானஸ்நானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் டீச்சர் அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார்! ஆனால் கிணற்றின் விளிம்புக் கற்கள் பெயர்ந்து கிடந்தன. சுவரில் உரசாமல் கயிறு நட்டநடுவில் தொங்க வேண்டும். அதற்காகத்தான் ஜீப்பின் தலையில் கேரியர், அதன் பின்பக்கம் ஆறடிக்கு நீளும் ஒரு கை, கையின் நுனியில் கப்பி என்று படம் வரைந்து அமல்தாஸிடம் கொடுத்தார்.

"ரெண்டே நாள்ல முடிக்கேன்" என்று டீக்கடையில் நாலு பேர் கேட்க பீற்றிக்கொண்டான் அமல்தாஸ். வாய் சும்மா இருந்திருக்கலாம்! இரண்டாம் நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. கேரியரின் நாலு காலில் மூன்றுக்கு முழு வெல்டிங் ஓடியிருந்தது. பின்பக்க வலது காலில் மட்டும் நாலே நாலு டேக். குழாய் நகராமல் இருப்பதற்காக முதலில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொள்வதைத்தான் டேக் என்பார்கள். அது எடை தாங்குவதற்கு அல்ல. டீச்சரோ தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். அமல்தாஸ் இடைவெளியில், ஓட்டை ஒடுக்கு அடைக்கும் பட்டிப் பசையை அப்பி, தேய்த்து, கறுப்புப் பெயிண்டை அடித்துவிட்டான்.

டீச்சர் தடவிப் பார்த்தார். "அடேயப்பா! ஜாயிண்டே தெரியலையே!"

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். கிணற்றில் இறங்கப்போவது தன் அக்கா மெட்டில்டாவின் புருஷன் தஸ்நேவிஸ் என்று மறுநாள்தான் தெரிந்தது. அதன்பிறகு சொல்ல வாய் வரவே இல்லை. மூன்று நாளாகச் சோறு இறங்காமல் திரிந்தான்.

கிணறு வந்தது. சக்கரத்துக்கு அடியில் பனந்தடிகளைப் போட்டு, ஜீப்பைப் பின்பக்கமாக விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாற்பதடி ஆழம். அடியில் கறுத்த தண்ணீர் தெரிந்தது.

"மச்சான், நான் எறங்குறேன்" என்றான் அமல்தாஸ் திடீரென்று.

"நீயா? முங்கினா ஒரு நிமிசம் மூச்சுப் பிடிப்பியால? தொந்தியோட மெதந்துக்கிட்டே கெடப்ப!" தஸ்நேவிஸ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுமுனையை அவன் கையில் கொடுத்தான். சங்கு குளிக்கிறவனின் கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். கூடப்பிறந்தவளின் தாலிக்காகவாவது அவன் கயிற்றை விடமாட்டானே! "ஒன் கையில குடுத்தாச்சு. இனி எனக்கென்ன கவல?"

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அமல்தாஸ் சொல்லவில்லை. பின் பம்பரின் வலது முனையில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி மெல்ல விட்டுக்கொடுத்தான். மூன்றடி... ஆறடி... கண் முழுக்க அந்த வலது காலிலேயே இருந்தது. பெயிண்டில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. பட்டியில் ஒரு சில்லு உதிர்ந்து கீழே விழுந்தது.

"டீச்சர்! கயித்தப் பிடிங்க! இழுங்க! சீக்கிரம் இழுங்க!"

இருவரும் உயிரைக் கொடுத்து இழுத்தார்கள். தஸ்நேவிஸின் தலை தெரிந்ததும் அமல்தாஸ் பாய்ந்து கயிற்றை விளிம்புப் பக்கம் இழுத்து, அவன் தோளைப் பற்றி மணலில் உருட்டினான்.

"என்னல ஆச்சு? பாம்பா?"

"இல்ல மச்சான். அந்தக் கால்ல வெல்டிங்கே இல்ல. வெறும் டேக்கு. பட்டி போட்டு மறைச்சிட்டேன்."

தஸ்நேவிஸ் எழுந்து போய் அந்த இடத்தை நகத்தால் சுரண்டினான். பட்டி பொலபொலவென்று உதிர்ந்தது.

"தெரிஞ்சேதான் என்னைய எறக்குனியா?" என்று கேட்டான். திட்டியிருந்தால் தேவலை. அவன் அமைதியாகக் கேட்டதில் அமல்தாஸ் கூனிக்குறுகிப்போனான்.

"திரும்பிப் போயிடலாம்" என்றார் டீச்சர். கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"வேண்டாம் டீச்சர். இங்கயே முடிச்சிருவேன். ஜீப் பேட்டரி ஒண்ணு, கிணத்துக்குள்ள வெளிச்சம் அடிக்கக் கொண்டாந்த பேட்டரி ஒண்ணு. ரெண்டையும் சேத்தா வெல்டிங் ராடு பிடிக்கும்!"

பேட்டரிகளைக் கழற்றி மணலில் வைத்துக் கேபிளால் இணைத்தான். ஒரு முனையைக் கேரியரில் கவ்வவிட்டான். மறுமுனையில் இடுக்கியால் ராடைப் பிடித்தான். கைக்குச் சாக்கு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. பட்டியைச் சுரண்டி, இரும்பு பளபளக்கத் தேய்த்தான். பளீர்! பொறி பறந்தது. மூன்று ராடு தீர்ந்தது. கசடைத் தட்டிப் பார்த்தான். ஓரிடத்தில் ஓட்டை தெரிந்தது. அதை நோண்டி எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினான். பிறகு தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கிணற்றின் நடுவில் கால் மணி நேரம் தானே தொங்கினான்.

கால் அசையவில்லை. ஆனால் தஸ்நேவிஸ் இறங்கியபோது கயிற்றை டீச்சர் கையில்தான் கொடுத்தான். அமல்தாஸ் தள்ளி நின்றான்.

நாலு முறை முங்கினான் தஸ்நேவிஸ். ஐந்தாம் முறை கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கூச்சல்: "இருக்கு டீச்சர்! காது வரைக்கும் சேத்துல பொதஞ்சு கெடக்கு!"

மணியைத் தொங்கவிடும் காதில் கயிறு கட்டிவிட்டு அவன் மேலே ஏறிய பிறகு, கப்பியின் இடத்தில் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டினார்கள். கேரியர் முனகியது, வளையவில்லை. சேறு சொட்டச் சொட்ட மணி மேலே வந்தது!

மாலையில் மணல்துறையே தெருவுக்கு வந்துவிட்டது. மணியைக் கழுவித் தடியில் தொங்கவிட்டு ஆளாளுக்கு அடித்துப் பார்த்தார்கள். "நீ போட்ட கேரியர் எமகாதகம்ல!" என்று நாலு பேர் அமல்தாஸின் முதுகில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் அறை போல விழுந்தது.

அக்கா வீட்டில் இலை போட்டிருந்தாள். "என் புருசன பத்திரமா கொண்டாந்து சேத்துட்ட" என்று அவனுக்குத்தான் முதலில் மீனை வைத்தாள். அமல்தாஸால் அதைத் தொட முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

மெட்டில்டா புருஷனைப் பார்த்தாள். "ஆமா, சொன்னான். அவனே நின்னு சரியும் பண்ணிட்டான்" என்றான் தஸ்நேவிஸ்.

"எப்ப சொன்னான்? எறங்குறதுக்கு முந்தியா?"

"ஆறடி எறங்கின பெறவு அக்கா" என்றான் அமல்தாஸ்.

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். வெளியே மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் கூடத்தில் ஊஞ்சலில் எம்பி எம்பி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஊஞ்சக் கம்பி நீ வச்சதுதான?"

"அது முழு வெல்டிங் அக்கா. சத்தியமா."

"ஏட்டி, எறங்குங்க ரெண்டு பேரும்!" என்று பிள்ளைகளை அதட்டினாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "பெயிண்டச் சுரண்டு. நான் பாக்கணும்."

அமல்தாஸ் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். உப்புத்தாளை எடுத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, முதல் கொக்கியிலிருந்து சுரண்ட ஆரம்பித்தான்.