இறங்கிக்கொண்டே போன சுருதி

கழற்றிய தந்தி கதகதப்பாக இருந்தது. சுண்டுவிரல் பருமனில் கறுப்பு ரப்பர் தந்தி. ஒரு மாதமாக யாரும் தொடாமல் உறைக்குள் கிடந்த பேஸ் கிதாரில் அந்தச் சூடு எப்படி வந்ததென்று ராம்கிக்கு விளங்கவில்லை. வெயிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

கிதார் வெள்ளைத்துரை அண்ணனுடையது. பக்கவாதத்தில் பேச்சுப் போய் உள்ளறையில் படுத்திருக்கிறார். இன்று கொட்டாம்பட்டித் திருவிழாக் கச்சேரியில் அவருக்குப் பதில் ராம்கிதான் வாசிக்க வேண்டும். ஒரு பாட்டின் நடுவே கடைசித் தந்தியின் சுருதியைச் சட்டென்று இறக்க வேண்டும். அதற்குத் தந்தியைத் தளர்த்தும் ஒரு லீவர் வேண்டும். இரும்புத் தந்தியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். ரப்பர் இழுபடும், நிறையத் தளர்த்த வேண்டும். அதனால் லீவரைக் கப்பலூர்ப் பட்டறையில் நீளமாகச் செய்து வாங்கியிருந்தான். மாட்டுவதற்குக் கிதாரின் தலையில் துளை போட வேண்டும்.

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க தம்பி," என்றாள் அவர் மனைவி சீனியம்மாள்.

"கேட்டுட்டேன் மதினி. சரின்னு தலையாட்டுனாரு."

கேட்கவில்லை. அறை வாசல்வரை போனான். அவர் கண்கள் இவன் பக்கம் திரும்பின. மறுத்துவிடுவாரோ என்று பயந்து, குனிந்த தலையோடு வந்துவிட்டான். துளை போட்டபோது உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. காதில் விழாதவனைப் போல இன்னும் அழுத்தினான். முகம் கூசியது.

மரத்தூள் வாசனையோடு உள்ளறைத் தைலமும் மூத்திரமும் கலந்த வாடை வந்துகொண்டிருந்த அந்தப் பிற்பகலில், தந்தியை மறுபடி கட்டி, சுருதி கூட்டி, மீட்டியபடியே லீவரைத் தள்ளினான். ஒலி வழுக்கிக்கொண்டு இறங்கியது. உள்ளங்கையால் அமுக்கினான். தந்தி நின்றது.

ஒலி நிற்கவில்லை.

உள்ளறையிலிருந்து வந்தது. தொண்டையின் ஒலி. இறங்கிக்கொண்டே.

"தம்பி, இங்க வாங்க. அவருக்கு வாய் கோணுது."

கிதாரோடு ஓடினான். அவர் கீழுதடு தொங்கியிருந்தது. லீவரை ஏற்றினான். உதடு மெல்ல ஏறியது. பழைய இடத்துக்கு வரவில்லை. ரப்பரும் பழைய இறுக்கத்துக்கு வரவில்லை.

சீனியம்மாள் பார்த்துவிட்டாள். லீவரில் இருந்த அவன் கையை.

"என்ன செஞ்சீக தம்பி?"

"ஒன்னும் செய்யல மதினி."

துளை போட்ட இடத்தில் கிதாரின் மரம் பிளந்தது. திருகாணி தெறித்தது. தந்தி துவண்டது.

வெள்ளைத்துரையின் தாடை இறங்கியது. கழுத்தைத் தாண்டி. நெஞ்சைத் தாண்டி. சத்தமே இல்லை. கன்னத் தோல் மெலிந்து பளபளத்து இழுபட, கண்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து ராம்கியைப் பார்த்தன. சீனியம்மாள் இரண்டு கைகளாலும் அதை அள்ளி அள்ளி மேலே ஏற்றினாள். விரலிடுக்கில் வழிந்து, அது இறங்கிக்கொண்டே இருந்தது.